அதே பச்சை

ஜனவரி 6

அக்காவுக்கு,

பதினொரு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறியிருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன். வியாபார விஷயமாக எழுதுகிறேன்.

போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். போனில் நிறத்தைப் பேச முடியாது, அக்கா. ஒவ்வொரு போனிலும் அது ஒவ்வொரு மாதிரி தெரியும். அதனால்தான் இந்தப் பார்சலுக்குள் படத்தை அட்டையில் அச்சடித்து வைத்திருக்கிறேன். கட்டில் மேல் கிடக்கிற விரிப்பைப் பார். பாசிப்பச்சை என்று பெயர் வைத்திருக்கிறோம். என் கடையில் இப்போது இதற்குத்தான் ஆளாளுக்கு அடித்துக்கொள்கிறார்கள். கடை என்றால் ஷட்டர் போட்ட கடை இல்லை, எல்லாம் இணையத்தில்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படி ஒரு விரிப்பு இந்த உலகத்தில் இன்னும் கிடையாது.

புரியவில்லையா? முன்பெல்லாம் பதினாறு நிறம் விற்க வேண்டுமென்றால் பதினாறு விரிப்புக்கும் சாயம் போட்டு, காயவைத்து, தேய்த்து, கட்டிலில் விரித்துப் பதினாறு தடவை படம் எடுக்க வேண்டும். இப்போது ஒரு வெள்ளை விரிப்பை ஒரே ஒரு தடவை எடுத்தால் போதும். ஏஐ என்று ஒன்று வந்திருக்கிறது, கேள்விப்பட்டிருப்பாய். 'இதைப் பாசிப்பச்சை ஆக்கு' என்று எழுதினால் நாலு விநாடியில் ஆக்கிக் கொடுத்துவிடும். மடிப்பு கலையாது, நிழல் கலையாது, தலையணையில் விழுந்த வெயில்கூட அப்படியே இருக்கும். துணி மட்டும் நிறம் மாறும். கொதிக்கிற தொட்டி வேண்டாம், கையில் கொப்புளம் வேண்டாம். முக்கியமாக, யாரும் யாரையும் அறைய வேண்டாம்.

ஆனால் படத்தைப் பார்த்து வாங்குகிறவர்களுக்குக் கடைசியில் துணியைத்தானே அனுப்ப வேண்டும்? அங்கேதான் சாயப்பட்டறை தேவைப்படுகிறது. நிறம் பார்ப்பதில் மாமாவை மிஞ்ச ஆளில்லை. அவரே சொல்லி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒரு முழத் துணியில் இந்த நிறத்தைக் கொண்டுவந்து அனுப்பச் சொல். அட்டையையும் கூடவே திருப்பி அனுப்ப வேண்டும். பொருந்தினால் இந்த வருடம் முழுக்க உங்கள் பட்டறைக்குத்தான் வேலை.

மாமாவைக் கேட்டதாகச் சொல். அவர் அறைந்த இடது காது இன்னும் இரைந்துகொண்டுதான் இருக்கிறது. போனை வலது காதில் வைத்துப் பழகிக்கொண்டேன்.

தம்பி

*

ஜனவரி 19

அன்புத் தம்பி,

உன் பார்சலைப் பிரித்துப் படித்துவிட்டு முதலில் அழுதேன். அப்புறம் உன் நக்கலை நினைத்து எரிச்சல் வந்தது. பதினொரு வருடத்தில் அக்கா செத்தாளா பிழைத்தாளா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை, துணி வேண்டுமென்றதும் அக்கா ஞாபகம் வந்துவிட்டது. போகட்டும். வந்ததே, அதுவரைக்கும் சந்தோஷம்.

உன் மாமாவுக்கு எழுத்து வாசிக்க வராதே, உன் கடிதத்தை நான்தான் வாசித்தேன். அறைந்த கதையை விட்டுவிட்டு மற்றதை வாசித்தேன். 'மாமாவை மிஞ்ச ஆளில்லை' என்று நீ எழுதியிருந்ததைக் கேட்டதும் மனுஷனுக்கு வாயெல்லாம் பல். "சின்னவனுக்குப் புத்தி வந்துருச்சு பாத்தியா?" என்றார். என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

அட்டையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்துக்கொண்டு காலையில் ஒரு தடவை பார்த்தார், மத்தியானம் ஒரு தடவை பார்த்தார். "இதுல பச்சையைவிட மஞ்சள்தான் வேலை செய்யுது, அடியில சாம்பல் ஒளிஞ்சிருக்கு" என்றார். எனக்கு ஒரு எழவும் தெரியவில்லை. மூன்று தடவை போட்டார், மூன்றாவதில் பிடித்துவிட்டார். துணியை அட்டைமேல் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "எங்க துணி முடியுது, எங்க படம் ஆரம்பிக்குது, காட்டு பாப்போம்" என்றார். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

துணியும் அட்டையும் உள்ளே இருக்கின்றன. அட்டையில் அவர் கட்டைவிரல் சாயம் பட்டுவிட்டது, தப்பாக நினைக்காதே.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வேலை கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். இந்த மனுஷனுக்குப் படிப்பு கிடையாது, பேச்சு சாமர்த்தியம் கிடையாது. இருப்பது அந்தக் கண் மட்டும்தான், அதை நம்பித்தான் ஊரில் நிமிர்ந்து நடக்கிறார். பழசை மனதில் வைத்துக்கொண்டு அதில் கை வைக்காதே.

அக்கா

*

ஜனவரி 27

அக்காவுக்கு,

துணி வந்தது. பொருந்தவில்லை.

என் மனைவிதான் பார்த்தாள். துணி பழுத்த இலை மாதிரி இருக்கிறது, படம் அப்படியில்லை என்றாள். அவளுக்கு யாரிடமும் பகை கிடையாது. உன் வீட்டுக்காரரை அவள் பார்த்ததுகூட இல்லை.

உங்கள் துணியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பழைய அட்டை அழுக்காகிவிட்டதால் புதிதாக ஒன்று அச்சடித்து வைத்திருக்கிறேன். படம் அதே படம்தான், நிறமும் அதே பச்சைதான். நிதானமாகப் பார்த்துப் போடச் சொல். அவசரப்பட்டால் ஒரு தொட்டித் துணியும் வீணாகும், அப்புறம் யாரையாவது பிடித்து அறைய வேண்டி வரும்.

தம்பி

*

பிப்ரவரி 10

தம்பிக்கு,

நீ அனுப்பிய அட்டையைப் பார்த்ததுமே அவர் முகம் சுருங்கிவிட்டது. "இது அந்தப் படம் இல்லையே" என்றார். "அதேதான்னு எழுதியிருக்கான்" என்றேன். "அதுல இவ்வளவு நீலம் இல்லடி" என்றார். பழைய அட்டை கையில் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், அதைத்தான் நீ வாங்கிக்கொண்டாயே. இரண்டு நாள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பிறகு மறுபடி உட்கார்ந்து போட்டார். இந்தத் தடவை ஐந்து தடவை போட்டு எடுத்திருக்கிறார். அட்டையோடு ஒட்டி நிற்கிறது. அட்டையை இந்தத் தடவை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, துணிக் குவியலுக்குள் போயிருக்கும். கிடைத்ததும் அனுப்புகிறேன்.

இனி எழுதுவதை நீ மட்டும் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு.

உனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அது எனக்குத் தெரியும், அப்பா அம்மாவுக்குத் தெரிந்தது, அவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சின்ன வயதில் உன் கலர் பென்சிலில் எது சிவப்பு, எது பச்சை என்று நீ கண்டுபிடிக்கக் கத்தியால் வெட்டுப் போட்டுக் கொடுத்தவள் நான்தான். நீ எங்கள் பட்டறையில் வேலைக்கு வந்தபோது அதை இவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வேலை தரமாட்டாரோ என்று பயந்து சொல்லவில்லை. நீ பச்சைத் தொட்டியில் பழுப்புப் பொடியைக் கொட்டிய அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். "கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று அத்தனை ஆட்கள் முன்னால் உன்னை அவர் அறைந்தபோது நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. அதற்கப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

அதனால்தான் கேட்கிறேன். உண்மையிலேயே உன் பொண்டாட்டிதான் பார்க்கிறாளா? பார்த்துத்தான் சொல்கிறாளா?

அக்கா

*

பிப்ரவரி 18

அக்காவுக்கு,

முதலில் மாமாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

துணி இந்தத் தடவையும் பொருந்தவில்லை. படம் மாறிவிட்டது என்று மாமா சொல்வது ஆச்சரியமாக இருக்கிறது. மெஷின் மாறாது. அதற்குக் கோபமோ தூக்கக் கலக்கமோ கிடையாது, வயதும் ஆகாது. மாமாவுக்கு ஐம்பத்தெட்டு ஆகிறது. இந்த வயதில் கண்ணில் மஞ்சள் படிந்து நிறம் மாறித் தெரிவது சகஜம் என்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டச் சொல். மூன்றாவது அட்டை வைத்திருக்கிறேன். கடைசி வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் உனக்கு.

கிழித்துப் போடவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன். பதினொரு வருடத்தில் நீ எழுதிய முதல் உண்மை அது.

பார்த்துத்தான் சொல்கிறாளா என்று கேட்டாய். அந்தச் சந்தேகம் உனக்கு இருந்தால் வழி சுலபம். மாமாவிடம் போய், 'என் தம்பிக்கு நிறம் தெரியாது, அவன் சொல்வதை நம்பாதீர்கள்' என்று சொல். ஒரே வாக்கியம். அவர் அடுத்து என்ன கேட்பார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 'இது தெரிஞ்சுமா அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு நின்னே?' என்று கேட்பார். பதில் தயாராக இருந்தால் சொல்லிவிடு, அக்கா. நான் தடுக்கவில்லை.

தம்பி

*

மார்ச் 9

தம்பிக்கு,

சொல்லவில்லை. சொல்லமாட்டேன் என்று தெரிந்துதானே எழுதினாய். நல்லா இரு.

இங்கே நடப்பதைக் கேள். அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். புள்ளி புள்ளியாக இருக்கும், அதற்குள் நம்பர் ஒளிந்திருக்கும், அந்தப் புத்தகத்தைக் காட்டினார்கள். உனக்கு அதில் ஒரு பக்கம்கூட வரவில்லை, ஞாபகம் இருக்கிறதா? இவர் எல்லா நம்பரையும் தடதடவென்று சொன்னார். டாக்டர் சிரித்துக்கொண்டே, "உங்க கண்ணு என் கண்ணைவிட நல்லா இருக்கு" என்றார். நானும் சந்தோஷமாக வெளியே வந்தேன். இவர் படி இறங்கும்போதே, "அந்தப் புஸ்தகம் பழசு, நெறம் மங்கிப் போயிருக்கு, அதான் ஈஸியா இருந்துச்சு" என்கிறார்.

இப்போது எதையும் நம்புவதில்லை. தக்காளி வாங்கப் போன இடத்தில் கடைக்காரியிடம் இது பழமா காயா என்று கேட்டிருக்கிறார், அவள் கேலி செய்கிறாரென்று நினைத்துச் சண்டைக்கு வந்துவிட்டாள். சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது நீலந்தானே?" என்கிறார். தொட்டியில் இருக்கிற துணியை வெளியே எடுத்து, "எனக்கு இப்படித் தெரியுது, உனக்கு எப்படித் தெரியுது?" என்கிறார். நாளெல்லாம் இதே கேள்வி. முதலில் பாவமாக இருந்தது. இப்போது நான் எரிந்து விழுகிறேன். நேற்று, "எனக்கு ரெண்டு கண்ணு, உங்களுக்கு ரெண்டு கண்ணு, எல்லாத்துக்கும் என் கண்ணையே பிடுங்காதீங்க" என்று கத்திவிட்டேன். தொட்டியடியில் போய் உட்கார்ந்துகொண்டார். பழைய மனுஷனாக இருந்தால் தட்டு பறந்திருக்கும்.

மூன்றாவது துணி இத்துடன் இருக்கிறது. ஒன்பது தடவை போட்டார். போட்டுவிட்டு, "சரியா இருக்கிற மாதிரிதான் தெரியுது, ஆனா தெரியறது சரியான்னு தெரியல" என்றார்.

தம்பி, உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். துணி பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் பொருந்தியது என்று ஒரு வரி எழுது. வேலையை வேறு யாருக்காவது கொடு, எங்களுக்கு வேண்டாம். எனக்காக அந்த ஒரு பொய்யை மட்டும் எழுது. அதை நான் அவருக்கு வாசித்துவிட்டால் மனுஷன் பிழைத்துக்கொள்வார்.

அக்கா

*

மார்ச் 15

அக்காவுக்கு,

நீ கேட்ட பொய்யை எழுத முடியவில்லை. துணி பொருந்தவில்லை. வேலையை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டேன்.

இதை மாமாவுக்கு வாசி: வருத்தப்பட வேண்டாம் மாமா, ஒவ்வொருவருக்கும் ஒரு காலம். இனிமேல் உங்கள் கண்ணை நம்பி எதிலும் இறங்காதீர்கள். தொட்டி, பொடி, கேன் எதுவானாலும் அக்காவைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

தம்பி

*

ஏப்ரல் 2

அடேய்,

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே உன் மாமா இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருக்கிறார். கட்டை எடுத்தாலும் ஒன்றுதான், எடுக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று நேற்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டும் போய்விட்டது.

மார்ச் 21ஆம் தேதி காலையில் நடந்தது. அலசின துணியை மிருதுவாக்க ஒரு திரவம் ஊற்றுவோமே, அதை ஊற்றப் போனவர் காஸ்டிக் சோடா கேனைத் தூக்கிக் கொதிக்கிற தொட்டியில் கவிழ்த்துவிட்டார். கொதிதண்ணீரில் காஸ்டிக் விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், நீயும் அங்கே நின்றவன்தான். தொட்டி அப்படியே பொங்கி முகத்தில் அடித்தது. நான் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. உனக்கு ஒரு காதுதான் இரைகிறது, எனக்கு இரண்டும் இரைகிறது.

மாற்றுத்துணி எடுக்க முந்தாநாள் வீட்டுக்குப் போனேன். துணிக் குவியலை நகர்த்தும்போது அந்த இரண்டாவது அட்டை கீழே கிடந்தது. மூன்றாவது அட்டை அலமாரியில் இருந்தது. இரண்டையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கே தெரிகிறது. கண்ணில் பூ விழுந்தவளுக்குக்கூடத் தெரியும். இரண்டும் வேறு வேறு பச்சை.

அப்படியானால் அவர் ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் போட்டார். நீ ஒவ்வொரு தடவையும் படத்தை மாற்றிவிட்டு, அவர் கண்ணைக் குற்றம் சொன்னாய். நீ அவர் கண்ணை முதலில் பிடுங்கினாய், காஸ்டிக் அப்புறம்தான் வந்தது.

ஒரே வயிற்றில் பிறந்தோம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் கூசுகிறது. நீ நல்லாவே இருக்கமாட்டாய்.

*

ஏப்ரல் 11

அக்கா,

உன் கடிதத்தை என் மனைவிதான் முதலில் பிரித்தாள். படித்துவிட்டு என் முன்னால் போட்டுவிட்டுப் போனாள். இந்த நாலு நாளாக என்னோடு பேசவில்லை.

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். முதல் தடவை எனக்கு உண்மையிலேயே தெரியாது. மாமாவின் சாயக்கை பட்ட அட்டைக்குப் பதில் புதிதாக அச்சடிக்க வேண்டியிருந்தது. பழைய படத்தைத் தேடி எடுக்கச் சோம்பல். நாலு விநாடி வேலைதானே என்று வெள்ளை விரிப்புப் படத்தைப் போட்டு, 'அதே பச்சை' என்று மறுபடி எழுதினேன். அந்த ஏஐக்கு 'அதே' என்றால் என்னவென்று தெரியாதாம் அக்கா. ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் போடுமாம், ஒரு தடவை போட்ட பச்சையை மறுதடவை போடாதாம். நிறம் தெரிந்த எவனாக இருந்தாலும் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பான். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. மாமாவின் முதல் துணி வந்தபோது என் மனைவி அந்தப் புது அட்டையோடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பொருந்தவில்லை என்றாள். அவளும் பொய் சொல்லவில்லை.

இரண்டாவது துணி வந்தபோது அவளே பழைய அட்டையையும் எடுத்து வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். "துணி தப்பில்லைங்க, நம்ம படந்தான் மாறிக்கிட்டே இருக்கு" என்றாள். அன்றைக்கு உனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும். எழுதவில்லை. 'இது அந்தப் படம் இல்லையே' என்று மாமா சொன்னதாக நீ எழுதியிருந்தாயே, அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் தன் கண்ணைச் சந்தேகப்பட ஆரம்பித்திருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு இனித்தது. ஒளிக்க மாட்டேன், இனித்தது. உங்கள் பட்டறைக்கு வந்த பதினேழு வயதிலிருந்து நான் ஒவ்வொரு நாளும் பட்டது அதுதானே. இது சிவப்பா, அது பச்சையா, யாராவது பார்த்துச் சிரித்துவிடுவார்களா என்று பட்டது. ஒரு மாதம் அவரும் படட்டும் என்று நினைத்தேன். மூன்றாவது அட்டையை நானே வேண்டுமென்றே மாற்றினேன். 'கொஞ்சம் நீலம் கூட்டு' என்று எழுதினேன்.

ஒரு மாதம் பட்டால் போதும், அப்புறம் உண்மையை எழுதிச் சிரிக்கலாம் என்றுதான் இருந்தேன். இப்படி ஆகும் என்று நினைக்கவே இல்லை.

நான் வருகிறேன். மாமா காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் கண் கடைசி நாள்வரைக்கும் சரியாகத்தான் இருந்தது என்று என் வாயாலேயே சொல்கிறேன். அடித்தாலும் சரி, கொன்றாலும் சரி. அந்த ஒன்றையாவது அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஆனால் அக்கா, ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. கேன் இரண்டும் ஒரே வெள்ளை, மூடி மட்டும்தான் வேறு. காஸ்டிக்குக்குச் சிவப்பு மூடி, மற்றதற்குப் பச்சை மூடி. நான் வேலை பார்த்தபோது எனக்குத் தெரியவேண்டுமென்று சிவப்பு மூடியில் நீ ஆணியால் கீறி வைத்திருந்தாய். மாமாவுக்குக் கீறல் எதற்கு? அவர் கண் நன்றாக இருந்தது என்று நீயே எழுதுகிறாய். அவருக்கு அது சிவப்பாகத்தானே தெரிந்திருக்கும்? தெரிந்தும் எப்படி ஊற்றினார்? பக்கத்தில் யார் இருந்தது?

தம்பி

*

ஏப்ரல் 20

தம்பிக்கு,

நீ வரவேண்டாம்.

பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டிருக்கிறாய். நான்தான் இருந்தேன்.

நீ மார்ச் 15ஆம் தேதி எழுதினதை அப்படியே அவருக்கு வாசித்தேன். ஒரு வார்த்தை விடவில்லை. அதிலிருந்து தண்ணீர் குடிப்பதற்குக்கூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் குடித்தார். அன்றைக்குக் காலையில் நான் வாசலில் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். அவர் தொட்டியடியில் கேனைத் தூக்கிக்கொண்டு நின்று, "இந்த மூடி என்ன நெறம்?" என்று கேட்டார். விடிந்ததிலிருந்து அது எத்தனையாவது கேள்வியோ. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்க கண்ணுக்கு என்ன தெரியுது?" என்றேன். "செவப்பாத் தெரியுது" என்றார். "உங்க கண்ணுக்குச் செவப்பா? அப்ப பச்சையாத்தான் இருக்கும், ஊத்துங்க" என்றேன்.

குத்திக் காட்டத்தான் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு நக்கலாகச் சொன்னேன். பழைய மனுஷனாக இருந்தால் அந்த நக்கல் புரிந்து, என்னை நாலு ஏச்சு ஏசிவிட்டுக் கேனைக் கீழே வைத்திருப்பார். இவர், "நிஜமாவா?" என்று இன்னொரு தடவை கேட்டார். "ஆமா" என்றேன். ஊற்றிவிட்டார்.

இன்னும் இருக்கிறது, கேட்டுக்கொள். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி கண் வருமா என்பது இல்லை. "அந்த மூடி என்ன நெறம்?" என்றுதான் கேட்டார். சிவப்பு என்று சொன்னால் அவர் கண் சரி, நான்தான் கண்ணை அவித்தவள் என்று ஆகிவிடும். "பச்சைதாங்க, பட்டறை ஆள் மூடியை மாத்திப் போட்டுட்டான்" என்றேன். அந்த ஆளை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தியும் விட்டேன். ஏழு வருடமாக எங்களிடம் இருந்தவர். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இவரும் நம்பிவிட்டார். வருகிறவர்கள் எல்லாரிடமும், "பச்சை மூடி எனக்குச் செவப்பாத் தெரிஞ்சுதுங்க, கண்ணு அதுக்கு முன்னாடியே போயிருச்சு" என்கிறார். கோபமே இல்லை. மனுஷன் அடங்கிப் போய்விட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார், என்னைத்தான் நம்புகிறார். "நீ இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்கிறார்.

இந்த நேரத்தில் நீ வந்து அவர் கண் கடைசி நாள்வரைக்கும் சரியாக இருந்தது என்று சொல்லப் போகிறாயா? சொன்னால் நீ கேட்ட அதே கேள்வியை அவரும் கேட்பார். அப்படியானால் மூடி சிவப்புதானே என்பார். உன் பாவத்தைக் கழுவ நீ வந்தால் என் பாவம் வெளியே வரும். நான் செத்தாலும் அதை விடமாட்டேன். உன்மேல் எனக்கு இருந்த ஆத்திரமெல்லாம் ஆறிவிட்டது, இனி உன்னை ஏச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் நீ இந்த வாசல் மிதிக்கக் கூடாது. இரண்டு அட்டையையும் அடுப்பில் போட்டுவிட்டேன். உன்னிடம் இருப்பதையும் கொளுத்து, என் கடிதங்களையும் சேர்த்துக் கொளுத்து. உன் பொண்டாட்டியின் வாயை அடைப்பது உன் பொறுப்பு.

அவர் உனக்கு ஒன்று எழுதச் சொன்னார். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், பேனா ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இவ்வளவு நேரம் என்ன எழுதுகிறாய் என்று ஒரு தடவை கேட்டார். வீட்டு விஷயம் என்றேன். அவர் சொன்னது சொன்னபடி:

"சின்னவனே, நீ அனுப்புன படம் சரி, என் கண்ணுதான் தப்பு. அது புரியாம உன்னைப் பொய் சொல்றேன்னு ஏசிட்டேன். இதே மாதிரிதான் அன்னைக்கும் இருந்திருக்கும். நீ சரியான பொடியைத்தான் போட்டிருப்ப, எனக்கு அப்பவே கண்ணு சரியில்லாம இருந்திருக்கும். உன்னை அத்தனை பேர் முன்னாடி கை நீட்டினது பெரிய தப்பு. மாமாவை மன்னிச்சுரு."

சொல்லிவிட்டு அழுதார். அந்தக் கண்ணில் இன்னும் தண்ணீர் வருகிறது, டாக்டர் அழக் கூடாது என்றார்.

உடனே பதில் எழுது. எனக்கு ஒன்றும் எழுதவேண்டாம், அவருக்கு மட்டும் எழுது. 'மாமா, நீங்கள் சொல்வது சரிதான், அன்றைக்கு உங்கள் கண் சரியில்லை, நான் மன்னித்துவிட்டேன்' என்று எழுது. தினமும் தபால் வந்ததா என்று கேட்கிறார். வந்ததும் நான் வாசித்துக் காட்ட வேண்டும்.

அக்கா